நோட்டுப் பசையில் ஒட்டிய தேன்பெட்டிகள்

ஆவுடையம்மாள் தூக்கியது ஒரு முழுப் பெட்டியை. அவள் கையில் வந்தது மூடியும் இரண்டு பக்கப் பலகையும் மட்டும். மற்ற இரண்டு பலகைகளும் ஆளுக்கொரு பக்கம் சாய, ஏழு சட்டத்தில் கட்டியிருந்த தேனடை பொத்தென்று ஈரமண்ணில் விழுந்தது. ஒரு கணம் எல்லாரும் சும்மா இருந்தோம், ஈக்கள் உட்பட. வீடு இடிந்த விவரம் அவற்றுக்கும் சற்றுத் தாமதமாகத்தான் போயிருக்க வேண்டும்.

அப்புறம் நான் ஓடினேன். சங்கத்தின் கௌரவச் செயலாளர் ஓடக்கூடாது என்று விதிமுறைகளில் எங்கும் இல்லை. பாக்குத் தோப்பைத் தாண்டி, ஐந்தருவிக்குப் போகிற ரோட்டைத் தாண்டி, கல் திட்டில் ஆட்களை உட்காரவைத்து எண்ணெய் தேய்க்கிற இடத்துக்குள் புகுந்து, விருதுநகர்க்காரர் ஒருவரின் முதுகில் மோதி, எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தேன். தேய்த்துக்கொண்டிருந்தது ஆவுடையம்மாளின் புருசன் பேச்சிமுத்துதான்.

"என்ன அண்ணாச்சி, யார் வெரட்டுதா?"

"பெட்டி பிரிஞ்சு போச்சு! ஈ!"

சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டியில் எண்ணெய், நெற்றியில் இரண்டு கொடுக்கு, பிடரியில் ஒன்று. அந்த நேரத்தில் ஒரு மனுசனுக்கு என்ன வாயில் வரும்? எனக்கு வந்தது இது:

"ஆசாரி வேலை! ஆசாரி ஒழுங்கா ஒட்டலை!"

சத்தமாகச் சொன்னேன். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கிற மாதிரி சொன்னேன். அது பொய்.

உண்மை என்னவென்றால், அந்தப் பெட்டியை எதில் ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். தென்காசியில் எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தை ஆரம்பித்த கூட்டத்தில் சட்டைப்பையில் ஊற்றுப் பேனா வைத்திருந்தது நான் ஒருவன்தான். அதனால் செயலாளர் ஆனேன். பேர் நாறும்பூநாதன். பேனா இருப்பவனுக்குப் பசையைப் பற்றியும் தெரியும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்தேன்.

பெட்டி செய்தது கீழப்புலியூர் சிவனணைந்தபெருமாள் ஆசாரி. மூலைகளைப் பல்லுப் பல்லாக வெட்டிக் கோத்து, வஜ்ரம் காய்ச்சி ஒட்டி, பலகை பிளக்காமலிருக்க மூலைக்கு ஒரே ஒரு சின்ன ஆணி அடிப்பதுதான் அவர் வழக்கம். வஜ்ரம் என்றால் மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. கடையில் சில்லுச் சில்லாகக் கிடைக்கும். ஊரிலுள்ள கதவு, நாற்காலி, பிள்ளைத் தொட்டில் எல்லாம் அதில்தான் நிற்கிறது. நாற்றம் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்.

தோல் என்பதுதான் வம்பு. ஆவுடையம்மாளின் தேனில் பெரும்பாகம் ஒரு கோயிலின் அபிஷேகக் கட்டளைக்குப் போகிறது. எந்தக் கோயில் என்று இங்கே வேண்டாம். அந்தக் கட்டளையை நடத்துகிறவர் என் தாய்மாமா கைலாசம். பெட்டி வேலை தொடங்கிய சமயத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில், "வஜ்ரம் எதுலலே செய்யுதான்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியா," என்றார். அவ்வளவுதான். அந்த 'அப்படியா' என் காதில் தடையுத்தரவு மாதிரி விழுந்தது. மறுநாளே சங்கத்தில் தீர்மானம் எழுதினேன்: வஜ்ரம் கூடாது. அதற்குப் பதில்? என் மச்சான் அச்சாபீசில் நோட்டுப் புத்தகம் ஒட்டுகிற மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்தது. இருநூறு பக்க நோட்டைத் தாங்குகிற பசை நாலே நாலு பலகையைத் தாங்காதா என்று வாதம் செய்தேன். சங்கத்தில் எதிர்த்துப் பேச ஆளில்லை. மூன்று பேர் வந்திருந்தார்கள், ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆசாரி அந்தத் தீர்மானத்தைக் கேட்டுவிட்டு உளியைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். சங்க முத்திரையைக் காட்டினேன். உளியை எடுத்துக்கொண்டார்.

முதலில் செய்த நாலு பெட்டி திருவேங்கடத்துக்குப் போயின. அந்தக் கரிசல் காட்டில் மழை என்பது தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி, வருவேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்துவிடும். பெட்டிகள் கல்லு மாதிரி நின்றன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த பன்னிரண்டைச் சித்திரை மாதத்து வெயிலில் குற்றாலத்துக்கு அனுப்பினேன். ஆனி மாதம் வந்தது. சாரல் வந்தது. 1959-ல் சாரல் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பத்து நாளாகத் துவைத்த துண்டு காயவில்லை. மைதாப் பசை என்ன செய்யும், பாவம். கூழாகப் பிறந்தது, கூழாகவே திரும்பிப் போனது.

*

அருவியில் தலையை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஆவுடையம்மாள் பாக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இடது கண் இமை வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த வலது கண்ணே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஈக்கள் கூட்டமாக எழும்பி மலைப்பக்கம் போய்விட்டன. அடையைப் புரட்டி ராணியைத் தேடிப் பார்த்திருக்கிறாள். இல்லை.

"ஆசாரி வேலைன்னீங்களாமே."

"ஆமா... அது வந்து..."

"எம்புருசனுக்கு மூணு மாசம்தான் எண்ணெய். சாரல் நின்னா குற்றாலத்துல குரங்குக்குக்கூடச் சோறில்லை. மிச்ச ஒம்பது மாசம் எங்க வீட்ல அடுப்பு எரியுதது இந்த ஈயாலதான். பன்னெண்டு கூட்டம் இருந்துச்சு, ஒண்ணு போச்சு. இந்தா நிக்கே மிச்சம் பதினொண்ணு, அதுவும் இதே லெட்சணம்தானா?"

பதினொன்றையும் பார்த்தேன். நாலைந்தில் மூலை வாய் பிளந்திருந்தது. ஒன்றில் விரல் போகும். விரலை விட்டுப் பார்க்கவில்லை.

"ஆசாரியக் கூட்டியாந்து நல்லா வஜ்ரம் காய்ச்சி ஒட்டச் சொல்லுங்க. ஏன் முழிக்கீங்க?"

"வஜ்ரம் போடலை ஆவுடை. அது தோலுல்லா? கட்டளைத் தேனுக்கு ஆகாதுன்னு வேற பசை போட்டிருக்கு."

"என்ன பசை?"

இங்கே சொல்லியிருக்கலாம். நல்ல இடம், தோதான நேரம், பக்கத்தில் ஆளும் இல்லை. "ஆசாரி என்னத்தையோ போட்டான்," என்றேன். அன்றைய இரண்டாவது பொய். முதல் பொய்யாவது பதற்றத்தில் வந்தது, இதை யோசித்துச் சொன்னேன்.

"தோலாம்!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "கோயில்ல கட்டி அடிக்கானே தவிலு, அதுல என்ன வாழை இலையா கட்டியிருக்கு? அது சாமிக்கு ஆகுது. எம்பொட்டி மூலையில ஒரு சொட்டு வஜ்ரம் இருந்தா ஆகாதோ? யார் சொன்னா? உங்க மாமாவா?"

"அவர் சொல்லலை. ஆனா..."

"ஆனாவும் வேண்டாம் ஆவன்னாவும் வேண்டாம். வஜ்ரம் போட்டா கோயில்ல தேன் எடுப்பாகளா மாட்டாகளா? ஒரு வார்த்தை. அத வாங்கிட்டு வாரும். எடுக்க மாட்டாகன்னா வேற பசை என்னன்னு கேட்டுட்டு வாரும். அதுவரைக்கும் நான் கயித்தக் கட்டி வைக்கேன். பதினொண்ணுல ஒண்ணு பிரிஞ்சாலும், நீரு எந்த ஊருக்கு ஓடினாலும் அந்த ஊருக்கு வருவேன்."

அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசிவந்தவள். 'நீரு' வந்ததும் எனக்கு வலி சுருக்கென்று ஏறியது. கொடுக்கு இருந்த இடத்திலும்தான்.

*

மாமா தென்காசியில் சன்னதித் தெருவில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார்.

"மாமா, நேராக் கேக்குதேன். வஜ்ரம் போட்ட பெட்டித் தேனைக் கட்டளைக்கு எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"மூஞ்சி ஏம்லே இப்படி இருக்கு?"

"ஈ கொட்டிட்டு. எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"நான் அன்னைக்கி என்ன சொன்னேன்?"

"அப்படியான்னு கேட்டீங்க."

"அப்படியான்னுதான கேட்டேன்? வேண்டாம்னா சொன்னேன்?"

"அப்ப போடலாமா?"

"போடலாம்னும் நான் சொல்லலையே மருமவனே."

"தேனே ஈயோட வாயிலேருந்து வருதது மாமா. அது ஆகும்போது..."

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். மாமாவுக்குப் பிடிக்காத கேள்வி வந்தால் வெற்றிலை போடுவார். வாய் நிறைந்துவிட்டால் பிறகு 'ம்' மட்டும்தான். அந்த 'ம்' ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றவர்களில் ஊர் முன்சீப்பும் உண்டு.

"மாமா, ஒரு பொம்பளையோட பொழைப்பு இது. பதினோரு கூட்டம். மழையில நிக்கு."

"ம்."

"ம்னா எடுப்பீங்களா?"

"ம்ம்."

உள்ளேயிருந்து அகிலாண்டேஸ்வரி அத்தை குரல் கொடுத்தாள். "எதுக்குலே அவர்ட்டப் போயிக் கத்துதே? சாயங்காலம் தோசையா உப்புமாவான்னு முப்பது வருசமா நான் கேக்குதேன். இன்னும் பதில் வந்தபாடில்லை."

அந்த வீட்டில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. "வாயில இருக்கதத் துப்பிட்டுச் சொல்லுங்க!" என்றேன். மாமா ஊஞ்சலை நிறுத்தினார். முற்றத்துக்குப் போய்த் துப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னொரு வெற்றிலை எடுத்துக் காம்பு கிள்ளினார். அந்தக் கேள்விக்கு அவர் பன்னிரண்டு வருசம் கழித்துச் சாகும்வரை பதில் சொல்லவில்லை.

*

நாலு நாள் கழித்து, சுற்றுப்பயணம் முடிந்து திரும்பிய சர்க்கார் தேனீ மேற்பார்வையாளர் பால்வண்ணநாதனிடம் போனேன். தேனீப் பெட்டிகளுக்கென்று மதராசிலிருந்து வருகிற சுற்றறிக்கைகளெல்லாம் அவரிடம்தான் இருக்கும். நல்ல மனிதர். கறுப்புக் குடை, வெள்ளைச் சட்டை, எதையும் படித்துக் காட்டாமல் பேச மாட்டார். படித்தார்:

"'பெட்டியின் மூலைகள், ஈரம் தாங்கக்கூடியதும் ஈக்களுக்கு ஒவ்வாத வாசனை இல்லாததுமான, பொருத்தமான பசையால் இணைக்கப்படுதல் வேண்டும்.'"

"வஜ்ரம் பொருத்தமா சார்?"

"சில இடங்கள்ல பொருத்தம்தான்."

"குற்றாலம் அந்தச் சில இடத்துல உண்டா?"

"அது சாரலைப் பொறுத்தது."

"சாரல் எதைப் பொறுத்தது?"

ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மலை மேகத்துக்குள் இருந்தது, அதனால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

"பொருத்தமான பசைன்னா என்ன பசைன்னு பேர் போட்டு ஒரு வரி எழுதியிருக்கலாம்லா சார்? மதராசுல மெனக்கெட்டு அச்சடிச்சு அனுப்புதாங்களே!"

"பேர் போட்டா அப்புறம் அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கணும்லா," என்றார். அன்றைக்கு நான் கேட்ட உண்மை அது ஒன்றுதான், ஆனால் அதை வைத்துப் பலகையை ஒட்ட முடியாது. மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்று பிரதி. எழுதினேன், வேறென்ன செய்ய? பேனாதான் இருக்கிறதே.

கீழே இறங்கி, பஜாரில் சேக் தாவூது கடையில் நுழைந்தேன். ஆணி, பூட்டு, கீல், பசை என்று மரவேலைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். அவரிடம் கடுகடுவென்றே ஆரம்பித்தேன், மாமாவுக்கும் மேற்பார்வையாளருக்கும் சேர வேண்டியதையெல்லாம் சேர்த்து.

"பாய், மழையில நிக்குத பசை என்ன வச்சிருக்கீங்க?"

"அரக்கு இருக்கு."

"நிக்குமா?"

"அடிபட்டா சில்லாப் போயிரும்."

"குங்கிலியம்?"

"எண்ணெயில காய்ச்சிப் போட்டா தோணியே நிக்கும்."

"பெட்டி?"

"பெட்டி மெதக்கணுமா பிள்ளைவாள்?"

"தார்?"

"நிக்கும். ஈ நிக்காது. அந்த வாடைக்கு நானே நிக்க மாட்டேன்."

"வஜ்ரம்?"

சாக்கைத் திறந்து ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கருப்பட்டிப் பாகு மாதிரி பளபளத்தது. "மூணு தலைமுறையா இத விக்கோம். உங்க தெருவுல எந்த வீட்டுக்குப் போகலை? உங்க மாமா ஆடுதாரே ஊஞ்சல், அதுக்குப் போன வருசம் நான்தான் குடுத்தேன். பூசை அறைக் கதவுக்கும் நான்தான். அப்பல்லாம் ஒருத்தரும் வந்து தோலா எலும்பான்னு கேக்கலை. எண்ணெய் தேய்க்கவன் பொஞ்சாதி பொட்டிக்குன்னதும் எல்லாருக்கும் ஆசாரம் வந்துட்டு."

"அதான் நானும் கேக்கேன் பாய். நீங்க சொல்லுங்க, ஆகுமா ஆகாதா?"

"கோட்டி புடிச்சிருக்கா வேய்? உங்க சாமிக்கு ஆகுமான்னு எங்கிட்டக் கேக்குதீரு. நான் ஆகும்னா, வியாபாரத்துக்குச் சொல்லுதாம்பீரு. ஆகாதுன்னா, எங்கடைச் சரக்கை நானே பழிச்ச மாதிரி ஆகும். டீ குடிக்கீரா?"

குடித்தேன். கோபத்தில் சூடு தெரியாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

*

அன்று பிற்பகல் பேச்சிமுத்து பஸ் ஏறித் தென்காசிக்கே வந்துவிட்டான். சீசனில் எண்ணெய்க் கல்லை விட்டுவிட்டு அவன் வருகிறான் என்றால் விசயம் பெரிசு.

"இன்னொண்ணு போயிட்டு அண்ணாச்சி. கயித்தையும் மீறிப் பலகை உப்பி ஆணியப் புடுங்கிட்டு. ஈ பாதிக்கு மேல மழையில விழுந்து செத்துப் போச்சு. அவ மடியில அள்ளிக்கிட்டு உக்காந்திருக்கா. எங்கிட்டயே பேச மாட்டேங்கா."

பத்து.

எங்கே போனேன் என்றால், போக வேண்டிய இடத்துக்கு, போயிருக்க வேண்டிய நாளுக்கு நாலு நாள் பிந்தி, பேச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனேன். கீழப்புலியூரில் ஆசாரி பட்டறையில் இழைப்புளி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். இழைப்புளி நிற்கவில்லை.

"ஆசாரியாரே."

சர்ர்.

"பெட்டி ரெண்டு போச்சு."

சர்ர்.

"வஜ்ரம் காய்ச்சி ஒட்டிருவோம். மாமா என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

நின்றது. பலகையின் மேல் படிந்த சுருளை ஊதிவிட்டு நிமிர்ந்தார். ஐம்பது வயது, வற்றின உடம்பு. குரல் உயரவே இல்லை.

"அருவிக்கரையில நாப்பது பேர் முன்னால என்ன சொன்னீங்க?"

"அது பதட்டத்துல..."

"மேலகரத்துல ஒரு கல்யாண வீட்டுக்குப் பத்து நாற்காலி ஒட்டித் தாரேன்னு அச்சாரம் வாங்கியிருந்தேன். நேத்து வந்து திருப்பிக் கேட்டுட்டுப் போயிட்டாங்க. குற்றாலத்துல ஒம்ம பொட்டி ஒடைஞ்சுட்டாமேன்னு. இருவத்தெட்டு வருசம் பிள்ளைவாள். ஒரு சாமான் திரும்பி வந்ததில்லை."

"எல்லார்ட்டயும் சொல்லிருதேன். நாளைக்கே."

"நாளைக்கு வேண்டாம். எங்கன சொன்னீங்களோ அங்கன. இப்ப பஸ் இருக்கு."

மூவரும் பஸ்சில் போனோம். ஆசாரி முன்சீட்டில், நான் பின்சீட்டில், நடுவில் பேச்சிமுத்து மத்தியஸ்தர் மாதிரி.

ஐந்தருவியில் கூட்டமான கூட்டம். அன்றைக்கு இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் புது ஆட்கள், மதுரை, கோவில்பட்டி, ராயகிரி. "இவங்களுக்கு என்ன தெரியும் ஆசாரியாரே?" என்றேன், தப்பிக்கிற ஆசையில். "அவங்களுக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது, நீங்க சொன்னதுதான?" என்றார். பேச்சிமுத்து போய் ஆவுடையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கண் வீக்கம் வடிந்திருந்தது. இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

நான் எண்ணெய்க் கல்லின் மேல் ஏறினேன். வழுக்கியது. பேச்சிமுத்து காலைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் தெரிவிச்சுக்கிடுததாவது! என் பேர் நாறும்பூநாதன்!"

"என்ன விக்கான்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"லேகியமா இருக்கும்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இந்தா நிக்காரே, கீழப்புலியூர் சிவனணைந்தபெருமாள் ஆசாரி, இவர் வேலையில ஒரு குத்தமும் கிடையாது! தேன்பெட்டிக்கு வஜ்ரம் வேண்டாம்னு தடுத்தது நான்! மைதாப் பசை போடச் சொன்னது நான்! நோட்டுப் புத்தகம் ஒட்டுத பசை! பிரிஞ்சதும் ஆசாரி தலையில போட்டதும் நான்தான்!"

"லேகியம் இல்லைப்பா," என்றார் முதல் ஆள் ஏமாற்றத்தோடு, துண்டை உதறிக்கொண்டு அருவிப்பக்கம் போனார்.

நான் இறங்கினேன். ஆவுடையம்மாள் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"மைதாவா?"

"ஆமா."

"தோசை சுடுவமே, அந்த மாவா?"

"மயில்துத்தம் போட்டது."

"எங்கிட்ட ஆசாரி என்னத்தையோ போட்டாருன்னீரே?"

"பொய் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவள் முந்தானையை விரித்தாள். உள்ளே ஒரு கைப்பிடி செத்த ஈ. நனைந்து, சிறகு ஒட்டி, கறுப்பாகக் கிடந்தன.

"சாரல்ல மாவு நிக்குமான்னு எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே," என்றாள். "தெனமும் உலையில கிண்டுதவ நானு. உமக்கு மாமாட்டக் கேக்கத் தோணுச்சு. சர்க்கார் ஆபீசுல கேக்கத் தோணுச்சு. இந்த ஈய வளக்குதவட்டக் கேக்கத் தோணலை. சாமிக்காகப் பாத்தேன் சாமிக்காகப் பாத்தேன்னு ரெண்டு கூட்டத்தக் கொன்னுட்டீரு."

முகத்தைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினேன். இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததைச் சாரல் என்று வைத்துக்கொண்டேன். யாரும் விசாரிக்கவில்லை.

தோப்புக்குப் போனோம். பத்துப் பெட்டிகளும் கயிறு சுற்றி, மேலே சாக்கும் பாக்குப் பாளையும் போட்டு, வரிசையாக நின்றன. அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ஆசாரி ஒவ்வொன்றாகக் குனிந்து மூலையைத் தடவிப் பார்த்தார். ஈக்கள் அவர் கைமேல் ஏறி இறங்கின. ஒன்றும் கொட்டவில்லை.

"வஜ்ரம் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்லா?" என்றேன். அந்த ஆறுதலாவது கிடைக்கட்டும் என்று.

"ஆகியிருக்கும்."

"என்னது?"

"வஜ்ரமும் இந்தச் சாரலுக்கு நிக்காது. வீட்டுக்குள்ள இருக்க சாமானுக்குத்தான் அது. பத்து நாள் ஈரத்துல கெடந்தா கொழகொழன்னு ஆயிரும். மாவு ஆனியில போச்சு, வஜ்ரம் ஆடியில போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

நாலு நாளாக நான் ஊர் முழுக்கக் கத்தியது, மாமா இரண்டு கவுளி வெற்றிலை தின்றது, மதராசுக்கு மூன்று பிரதி, எல்லாம் நிற்கவே நிற்காத ஒரு பசைக்காக.

"இத ஏம்யா மொதல்லயே சொல்லலை?" கோபம் எனக்கு மறுபடி வந்துவிட்டது, வெட்கமில்லாமல்.

"நீங்க தீர்மானம் கொண்டாந்தீங்க. கேள்வி கொண்டாரலை." அவரும் இப்போதுதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "நான் வழக்கமாச் செய்யுதது வஜ்ரம். குற்றாலத்துக்குப் போற பொட்டின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? திருவேங்கடம்னுதான மொதல்ல சொன்னீங்க? சாமிக்கு ஆகுமான்னு ஊரெல்லாம் கேட்டீங்களாமே, இந்தப் பலகைக்கு ஆகுமான்னு யார்ட்டக் கேட்டீங்க?"

ஆவுடையம்மாள் ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்து இறுக்கினாள். பேச்சிமுத்து பாளையைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி ஆசாரியாரே, இப்ப கேக்குதேன்," என்றேன். "சாரல்ல நிக்குத பசை எது? பொறுத்தது கிறுத்ததுன்னு சொல்லாதீங்க. அப்படியான்னும் சொல்லாதீங்க. எது?"

"பால்கட்டியும் சுண்ணாம்பும்," என்றார் ஆசாரி. "ஆடை எடுத்த பாலை எலுமிச்சை விட்டுத் திரிச்சு, துணியில பிழிஞ்சு, நிழல்ல காய வச்சு, மாவாப் பொடிக்கணும். நீத்த சுண்ணாம்பு போட்டுத் தண்ணி விட்டுக் கொழைக்கணும். கொழைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஒட்டிரணும், பொறவு கல்லாயிரும். ஒரு ராப்பகல் இறுக்கிக் கட்டி வச்சு, வெளிப்பக்கம் ரெண்டு தடவை மரத்துக்குப் பூசுத லின்சீட் எண்ணெய் குடுக்கணும். புனலூர்ல தேயிலைப் பெட்டிப் பலகைய அப்படித்தான் ஒட்டுதான், நாலு வருசம் அங்கன வேலை பாத்திருக்கேன். வாடை கிடையாது, ஈ ஒண்ணும் சொல்லாது. புதுப் பலகை எங்கிட்ட இருக்கு. பாலு நீங்க கொண்டாங்க, நாளைக் காலையில, பத்துப் படி. பொடிக்கவும் நீங்கதான் வரணும், எனக்குக் கை ஒழியாது. வாற வியாழக்கிழமை பத்துப் பெட்டியும் இங்கன வந்திரும். நிக்கும்."